கிராஷ் ஆனது வேறு, தரவு போனது வேறு

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை தம்பி, நிதானமாகக் கேளுங்கள். சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் நின்றுவிட்டது, அன்றைக்கு எடுத்த தரவு மொத்தமும் போய்விட்டது என்கிறீர்கள். இதில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் நின்றதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகலாம். தரவு போனதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான், அதை இன்று மாலையே சரிசெய்துவிடலாம். அப்படியிருக்க, எல்லோரும் முதலில் கார்டை மாற்றலாமா, போர்டை மாற்றலாமா என்றுதான் ஓடுகிறார்கள்.

முதலில் உங்கள் மேசை மேல் இருப்பது என்னவென்று பாருங்கள். தாம்பரம் மெப்ஸ் வளாகத்திலிருந்து மறைமலை நகர், ஒரகடம் வரைக்கும் இருக்கிற சோதனைக்கூடங்களில் தேடினால் இந்தப் பெட்டி கண்ணில் படும். சேசிஸ் என்கிற ஒரு கூடு, அதன் ஸ்லாட்டுகளில் வோல்டேஜ் அளக்க ஒரு கார்டு, அதிர்வு அளக்க ஒன்று, ரிலேக்களை மாற்ற ஒன்று. 1997-இல் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கொண்டுவந்த பி.எக்ஸ்.ஐ. முறை இது. சாதாரண பி.சி.க்குள் இருந்த பி.சி.ஐ. பஸ்ஸையே எடுத்து, கார்டுகள் எல்லாம் ஒரே நேரக்கணக்கில் ஓடுவதற்கான கம்பிகளைச் சேர்த்து, உறுதியான கூட்டில் வைத்தார்கள். வேண்டிய கார்டை வேண்டியபோது மாட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அதை ஓட்டுவது பெரும்பாலும் நம் வீட்டில் இருக்கிற அதே விண்டோஸ்தான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருகிற சீக்கு எல்லாம் இதற்கும் வரும்.

இப்போது தரவுக் கணக்கு. எட்டு சேனல், ஒவ்வொன்றும் விநாடிக்கு 51,200 மாதிரி, ஒரு மாதிரிக்கு 8 பைட் என்று வைத்தால் விநாடிக்கு ஏறக்குறைய 3.3 எம்பி சேரும். லேப்வியூ நிரல்மொழியில் பழகுகிறவர்கள் இதை ஒரு அர்ரேயில் சேர்த்துக்கொண்டே போய், ஸ்டாப் பட்டனை அழுத்திய பிறகு கோப்பாக எழுதுவது வழக்கம். 32 பிட் நிரலுக்குக் கிடைப்பது 2 ஜிபி என்றால், பதினோரு நிமிடத்தில் அது நிரம்பிவிடும். உண்மையில் அதற்கும் முன்பே நிற்கும், ஏனென்றால் அர்ரே வளரும்போது பழையதை வைத்துக்கொண்டே புதிதாகப் பெரிய இடம் ஒன்று தொடர்ச்சியாக வேண்டும். 64 பிட்டுக்கு மாறி ராம் கூட்டிப் போட்டாலும் சாவு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இந்த டீக்கடைக்காரர் யார் எத்தனை டீ குடித்தார்கள் என்பதை மனதிலேயே வைத்திருந்து ராத்திரி எழுதினால் என்ன ஆகும்? அவர் ஒவ்வொரு டீக்கும் உடனே நோட்டில் குறிக்கிறார். உங்கள் நிரலும் அப்படித்தான் எழுத வேண்டும். விநாடிக்கு ஒரு முறை டிஸ்க்குக்கு அனுப்புங்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு புதுக் கோப்பைத் தொடங்குங்கள். லேப்வியூவின் டி.டி.எம்.எஸ். கோப்பு வடிவம் இதற்காகவே துண்டு துண்டாக எழுதப்படுகிறது. எழுதும்போது கரண்ட் போனால் கடைசித் துண்டின் தலைப்பில், அடுத்த துண்டு எங்கே என்று சொல்லும் எட்டு பைட்டுகளும் எஃப்.எஃப். என்று நிற்கலாம். அடிபடுவது பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டுதான், டிஸ்க்கில் ஏற்கெனவே எழுதப்பட்டவை பத்திரமாக இருக்கும். ஆகவே கோப்பு திறக்கவில்லை என்றதும் அழித்துவிடாதீர்கள். முதலில் அப்படியே ஒரு நகல் எடுங்கள். பிறகு அந்த நகலின் பக்கத்தில் இருக்கும் இண்டெக்ஸ் கோப்பை நீக்கிவிட்டுத் திறந்து பாருங்கள், இண்டெக்ஸ் தானாகவே மறுபடி உருவாகும். பென் டிரைவில் நேராக எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அது ஃபேட் 32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளம் மூழ்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ரேக்கின் அடித்தட்டில் வைத்திருக்கும் டிரைவை இந்த ஊரில் நகல் என்று நான் ஏற்க மாட்டேன்.

இனி கிராஷுக்கு வருவோம். நான் கேட்கிற முதல் கேள்வி, எப்போது நின்றது என்பது. தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரம் கழித்து நின்றால் மெமரியையும் டிஸ்க் இடத்தையும் பாருங்கள். மே மாதத்து மதியம் மட்டும் நின்றால் சூடு. பல சேசிஸ்கள் 50 டிகிரி வரை தாங்கும் என்பது உள்ளே இழுக்கிற காற்றின் கணக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசி ஃபேன் ஃபில்டரை அடைத்திருந்தாலோ, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தாலோ அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். ராத்திரி ஆளில்லாத நேரத்தில் நின்றால் விண்டோஸ் அப்டேட், ஸ்லீப் இரண்டையும் சந்தேகப்படுங்கள். கார்டைத் தொட்டாலோ கேபிளை அசைத்தாலோ நின்றால் கனெக்டர். பள்ளிக்கரணை, துரைப்பாக்கம் பக்கத்துக் கடல் காற்றில் கனெக்டர் அரிப்பது நடக்கும். பவரை நிறுத்தி, கையில் எர்த் பட்டை கட்டி, கார்டைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போது, அல்லது ஈ.பி. போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது நின்றால் அது மின்சாரம். 50 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 20 மில்லி விநாடி. சாதாரண கம்ப்யூட்டர் பவர் சப்ளை இடைவெளியைத் தாங்குவதும் சுமாராக அவ்வளவுதான். விளக்கு ஒரு முறை கண் சிமிட்டினாலே போதும், மெஷின் ரீசெட் ஆகிவிடலாம். ஆன்லைன் யு.பி.எஸ். வையுங்கள், சேசிஸையும் கம்ப்யூட்டரையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். தனிக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்த சேசிஸ் என்றால் சேசிஸை முதலில் ஆன் செய்ய வேண்டும், நிறுத்தும்போது கம்ப்யூட்டரை முதலில் நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் கார்டுகளே கண்ணுக்குத் தெரியாது, சில சமயம் மெஷினே உறைந்துவிடும்.

ஈவெண்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று இருந்தால், அதைப் பார்த்து பவர் சப்ளை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். மெஷின் ஒழுங்காக நிறுத்தப்படாமல் மறுபடி எழுந்தது என்று மட்டுமே அது சொல்கிறது. நீலத் திரை வந்திருந்தால் மினிடம்ப் கோப்பைப் பாருங்கள், எந்த டிரைவர் மேல் சந்தேகம் என்று அதில் தடயம் கிடைக்கலாம்.

2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ஊர்தியும் இப்படி ஒரு கிராஷில்தான் மாட்டிக்கொண்டது. ஃபிளாஷ் மெமரியில் கோப்புகள் அதிகமாகி, அவற்றின் பட்டியலை வைக்க ராமில் இடம் போதாமல், திரும்பத் திரும்ப ரீபூட் ஆனது. நாசா பொறியாளர்கள் ஃபிளாஷைத் தொடாமலே அதை எழும்ப வைத்து, குற்றவாளி அங்கேதான் என்று உறுதிப்படுத்தி, பழைய கோப்புகளை நீக்கினார்கள். ஊர்தி 2010 வரை பேசிக்கொண்டிருந்தது. நீங்களும் அதேபோல் எல்லா கார்டையும் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும், அதையும் நோட்டில் நேரத்தோடு எழுதிவிட்டு.

நிரலை மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. சோதனைப் பொருள் எதையும் இணைக்காமல் ஓடவிட்டு, முதலில் டாஸ்க் மேனேஜரில் நிரலைக் கொல்லுங்கள், எத்தனை விநாடித் தரவு காணவில்லை என்று பாருங்கள். நிரல் செத்தாலும் விண்டோஸ் தன் கேஷில் இருப்பதை எழுதிவிடும், அதனால் இழப்பு குறைவாகவே இருக்கும். கரண்ட் போனால் அந்த கேஷும் போகும். ஆகவே டிஸ்க்கை முழுதாக நகல் எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் முறை ஸ்விட்சையே அணையுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால் நிரலில் ஃப்ளஷ் கட்டளையைச் சேர்த்து, மறுபடி அணைத்துப் பாருங்கள்.