முன்னே நிற்பவர் – 9: தந்தி போன திசை

மொன்றியலில் பொறியியல் படித்து முடிக்கும் பிள்ளைகள் பட்டமளிப்பைத் தவிர இன்னொரு சடங்கிலும் கலந்துகொள்கிறார்கள். ஆரவாரம் இல்லாத, தங்களுக்குள்ளேயே நடத்திக்கொள்ளும் சடங்கு. முடிந்து வெளியே வரும்போது, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் ஒரு மோதிரம் இருக்கும். தங்கமுமில்லை, கல்லுமில்லை. இரும்பு, அல்லது துருப்பிடிக்காத எஃகு. மேற்பரப்பு பட்டை பட்டையாகக் கரடுமுரடாய் இருக்கும். வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது அது தாளில் உரசும். உரச வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் கையும் அந்த விரலும். வருடம் போகப் போகப் பட்டைகள் தேய்ந்து வழவழப்பாகிவிடும்.

இந்த வழக்கம் பிறந்தது இதே ஊரில்தான். 1922 ஜனவரியில் கனடியப் பொறியியலாளர் கழகம் மொன்றியலில் கூடியபோது, ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் சுரங்கவியல் பேராசிரியர் ஹோல்ட்டேன், இளம் பொறியியலாளர்களுக்கு ஓர் உறுதிமொழி வேண்டும் என்று பேசினார். அதை எழுதித் தரும்படி பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங்கைக் கேட்டார்கள். அவரும் எழுதிக் கொடுத்தார். முதல் சடங்கு 1925 ஏப்ரல் 25இல் மொன்றியலில் நடந்தது.

இடிந்து விழுந்த ஒரு பாலத்தின் இரும்பில்தான் முதல் மோதிரங்களைச் செய்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையில்லை. ஆனால் அந்தக் கதை ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது அந்தப் பாலத்துக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால் புரியும்.

மொன்றியலிலிருந்து சென்ற் லோறன்ஸ் ஆற்றோடு 250 கிலோமீற்றர் போனால் கியூபெக் நகரம். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே உலகின் மிக நீண்ட தாங்கிப் பாலத்தை (cantilever) கட்ட முனைந்தார்கள். கட்டியது பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ் பிரிட்ஜ் நிறுவனம். தொழில்நுட்ப விடயங்களில் இறுதிச் சொல் தியடோர் கூப்பருடையது. பாலம் கட்டுவோர் மத்தியில் அவர் பெயருக்குப் பெரிய மதிப்பு இருந்தது. ஆனால் அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, உடல்நலமும் இல்லை. ஆண்டுக்கு 3,750 டொலர் ஊதியத்தில் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் வழியில்லை. நியூயோர்க்கை விட்டு அவர் நகரவில்லை. எஃகுச் சட்டம் ஆற்றின் மேல் எழத் தொடங்கிய பிறகு ஒரு முறைகூட அதை நேரில் வந்து பார்க்கவில்லை.

தூண்களுக்கு இடைப்பட்ட நீளத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக உயர்த்தச் சொன்னவர் அவர்தான். நீளம் கூடினால் பாலத்தின் சொந்த எடையும் கூடும். அந்தக் கணக்கை யாரும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. எடை மிஞ்சிவிட்டது 1906இல் தெரியவந்தபோது எஃகு வேலையில் பெரும் பகுதி ஏற்கெனவே செய்து முடிந்திருந்தது. தாங்கும் என்று சொல்லிவிட்டார் கூப்பர். அதற்கும் முன்னால், அவருடைய வேலையைச் சரிபார்க்க ஒரு பொறியியலாளரை நியமிக்கலாம் என்று கனடிய அரசுத் தரப்பு யோசித்தபோது அவர் கடுமையாக எதிர்த்தார். யோசனை கைவிடப்பட்டது.

அதிகாரம் முழுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்ட மனிதர், அந்த அதிகாரம் தேவைப்படும் இடத்திலிருந்து பல நூறு கிலோமீற்றர் தள்ளி உட்கார்ந்திருந்தார். வேலைத்தளத்தில் அவருடைய கண்ணாக இருந்தவர் நோர்மன் மக்லூர், படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர். பாலத்தைக் கட்டுவித்த கியூபெக் பாலக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹோர் அங்கேயே இருந்தார். ஆனால் இவ்வளவு பெரிய பாலத்தில் அவருக்கு அனுபவமில்லை. எதற்கும் கூப்பரின் முகத்தைப் பார்ப்பதே பழக்கமாகியிருந்தது.

1907 ஓகஸ்டில் கீழ்ப்பகுதி எஃகுத் தண்டுகள் வளையத் தொடங்கின. பட்டறையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வந்திருக்கும் என்றது ஃபீனிக்ஸ் தரப்பு. 27ஆம் திகதி மக்லூர் ஒரு தண்டை அளந்தார். ஒரு வாரத்துக்கு முன் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு இரண்டேகால் அங்குலமாகியிருந்தது. பட்டறையில் வளைந்த இரும்பு ஆற்றின் மேல் நின்றபடி வாரத்துக்கு ஒன்றரை அங்குலம் வளராது. மேற்பார்வையாளர் யென்சர் வேலையை நிறுத்தினார். பிறகு மறுபடி தொடங்கினார். ஹோர் அதற்குத் தடை சொல்லவில்லை. கூப்பரிடம் நேரில் கேட்டுவர மக்லூரை ரயிலில் அனுப்பினார்.

அளவுநாடா அவர்கள் கையில் இருந்தது. வளைவைக் கண்ணால் பார்த்தவர்களும் அவர்களே. வேலையாட்களைக் கீழே இறக்க ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நியூயோர்க்கிலிருந்து வர வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

29ஆம் திகதி முற்பகல் மக்லூர் கூப்பரின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். கூப்பருக்கு உடனே விளங்கிவிட்டது. நண்பகல் தாண்டிய சற்று நேரத்தில், பாலத்தில் மேற்கொண்டு பாரம் ஏற்ற வேண்டாம் என்று தந்தி கொடுத்தார். அந்தத் தந்தி போனது பென்சில்வேனியாவிலுள்ள ஃபீனிக்ஸ் அலுவலகத்துக்கு. கியூபெக்குக்குப் போகவில்லை. அங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது கூப்பருக்குத் தெரியாது. மக்லூரும் கியூபெக்குக்குத் தந்தி கொடுக்காமல் பென்சில்வேனியாவுக்கே ரயிலேறினார். மாலையில் அங்கே கூடிப் பேசியவர்கள், மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்.

ஏறக்குறைய அதே நேரத்தில், மாலை ஐந்தரை மணியளவில், வேலை முடிகிற தறுவாயில் பாலத்தின் தென்பகுதி முழுவதும் ஆற்றுக்குள் போனது. பதினைந்து விநாடிதான். மேலே நின்ற 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். யென்சரும் அவர்களில் ஒருவர்.

மொன்றியல் பொறியியலாளர் ஹென்றி ஹோல்கேட் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு 1908இல் அறிக்கை தந்தது. கூப்பரும் ஃபீனிக்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் ஸ்லாப்காவும் செய்த தவறான தீர்மானங்களே காரணம் என்றது. ஹோரை அந்தப் பதவியில் அமர்த்தியதும் பிழை என்றது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே அரியலூர் நினைவுக்கு வரும். 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததும் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அது பெரிய செயல், இன்றும் மதிக்க வேண்டியது. ஆனால் பதவி விலகல் சாவுக்குப் பிறகு வருவது. கியூபெக்கின் அந்த இரண்டு நாட்கள் சாவுக்கு முந்தியவை. அப்போது காப்பாற்ற ஆட்கள் இருந்தார்கள். நம் ஆட்கள் நடத்தும் உணவகத்திலும் இதே நிலைமை வரலாம். இரவில் குளிரறை வேலை செய்யாமல் நின்றுவிட்டது, முதலாளி தொலைபேசியை எடுக்கவில்லை என்று வையுங்கள். இறைச்சியைக் கொட்டிவிடும் உரிமை சமையற்காரருக்கு இருக்கிறதா? அதை முதலாளி முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாரா? இல்லையென்றால் அந்தச் சமையற்காரரும் ஹோரைப் போலத்தான் காத்திருப்பார்.

பாலத்தைத் திரும்பக் கட்டும் பொறுப்பை மொன்றியலின் டொமினியன் பிரிட்ஜ் இன்னொரு கனடிய நிறுவனத்தோடு சேர்ந்து ஏற்றது. அவர்களுக்கும் அடி விழுந்தது. 1916 செப்டெம்பர் 11இல் 640 அடி நீள நடுப்பகுதியைத் தூக்கும்போது ஒரு வார்ப்புத் தாங்கி உடைந்து அது ஆற்றில் விழுந்தது. 13 பேர் இறந்தார்கள். இந்த முறை யார் பொறுப்பு என்று தேட வேண்டியிருக்கவில்லை. பொறுப்பு எங்களுடையது என்று கம்பனி ஏற்று, தன் செலவிலேயே இன்னொரு நடுப்பகுதியைச் செய்தது. உலகப்போர் நடந்த காலம், எஃகு கிடைப்பதே அரிது. ஓராண்டு கழித்து, 1917 செப்டெம்பரில், புதிய பகுதி மேலேறியது. அந்தப் பாலத்தில் ரயில் இன்றும் ஓடுகிறது. தாங்கிப் பாலங்களில், தூண்களுக்கு இடைப்பட்ட அதன் 1,800 அடி நீளத்தை இதுவரை எதுவும் மிஞ்சவில்லை.

1907இல் இறந்தவர்களில் 33 பேர் மொஹாக் பழங்குடியினர். ஆற்றின் மறுகரையில், மொன்றியலின் லஷீனுக்கு எதிரே இருக்கும் கானவாகே என்ற ஒரே ஊரின் ஆண்கள். அந்தச் சிற்றூரில் ஒரே மாலையில் எத்தனை வீடுகள் இருண்டன என்று எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது. அவர்களுடைய கல்லறைகளில் எஃகு உத்தரங்களைச் சிலுவையாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன்பின் ஊர்ப் பெண்கள் கூடி ஒரு முடிவெடுத்தார்கள் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். எஃகு வேலைக்குப் போக வேண்டாம் என்று அவர்கள் தடுக்கவில்லை. அந்த வருமானம் வேண்டியிருந்தது. எல்லோரும் ஒரே பாலத்துக்குப் போகக்கூடாது, பிரிந்து பிரிந்து வெவ்வேறு வேலைத்தளங்களுக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆண்கள் அப்படியே பிரிந்து போனார்கள்.