சுற்றினாலும் மாறாத வடிவங்கள்

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகள் கணிதத்தைப் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கற்று வருகின்றனர். ஐயம் எழுந்து அவர்கள் நம்மை நாடும்போது, கருத்தை அறிந்திருந்தும் அதனைத் தமிழில் எடுத்துரைக்கத் தடுமாறுகிறோம். அத்தகைய கருத்துகளுள் ஒன்று சுழல் சமச்சீர் என்பது. ஓர் அட்டையும் ஒரு குண்டூசியும் இருந்தால் இதனை வீட்டிலேயே விளக்கிவிடலாம்.

அட்டையில் ஒரு சதுரத்தை வெட்டித் தாளின்மீது வைத்து, அதன் ஓரத்தை ஒட்டிக் கோடு வரைவோம். நடுவே குண்டூசியைக் குத்தி, ஒரு மூலையில் மைப்புள்ளி இட்டு, மெல்லச் சுழற்றுவோம். புள்ளி தொடங்கிய இடத்தை மீண்டும் அடைவதற்குள் அட்டை அக்கோட்டுடன் நான்கு முறை பிசகின்றிப் பொருந்தும். ஆகவே சதுரத்தின் சுழல் சமச்சீர் வரிசை 4. முழுச் சுற்றாகிய 360 பாகையை நான்கால் வகுத்தால் வரும் 90 பாகையே ஒவ்வொரு முறையும் சுழற்ற வேண்டிய கோணம். சமபக்க முக்கோணம் 120 பாகைக்கு ஒருமுறையாக மூன்று முறை பொருந்தும், ஒழுங்கு அறுகோணம் 60 பாகைக்கு ஒருமுறையாக ஆறு முறை பொருந்தும், செவ்வகமோ இருமுறைதான். வட்டத்தை எவ்வளவு திருப்பினும் பொருந்தும். அதற்கு எண்ணிக்கையே இல்லை.

மடித்தால் இரு பாதியும் ஒன்றுவது வேறு. சுழற்றினால் பொருந்துவது வேறு. சாய்ந்து நிற்கும் இணைகரத்தை எப்படி மடித்தாலும் பாதிகள் ஒன்றா. ஆயினும் அரைச் சுற்றில் அது தன்னோடு பொருந்தும். இருபக்கம் மட்டும் சமமான முக்கோணம் மடிப்பில் ஒன்றும். சுழற்றினால் முழுச் சுற்று முடிந்த பின்னரே பொருந்தும். பிள்ளைகள் மயங்கும் இடம் இதுவே.

இக்கணக்கு ஏட்டோடு நிற்பதன்று. ஆறு பக்க நட்டை முடுக்கும் தொழிலாளி, 60 பாகை திருப்பியதும் ஸ்பானரை எடுத்து மறுபடி மாட்டலாம். நான்கு பக்க நட்டாயின் 90 பாகை திருப்ப இடம் வேண்டும். இடுக்கான இயந்திரத்தில் இவ்வேறுபாடு பெரிது. மூன்று இறக்கை மின்விசிறியில் ஓர் இறக்கை வளைந்துவிட்டால், அதன் சமநிலை குலைந்து விசிறி ஆடத் தொடங்குகிறது.

1947 ஜூலை 22-இல் அரசியல் நிர்ணய சபை ஏற்ற நம் தேசியக் கொடியின் நடுவே உள்ள சக்கரத்தை நோக்குவோம். அதன் ஆரங்கள் 24; எனவே 15 பாகைக்கு ஒருமுறை அது தன்னோடு பொருந்தும். தலைகீழாகத் திருப்பினும் சக்கரத்தில் மாற்றம் தெரியாது. ஆனால் கொடி முழுவதற்கும் அப்பண்பு இல்லை; காவி கீழும் பச்சை மேலுமாய் நின்று பிழையைக் காட்டிவிடும். கொடியேற்றும் நாளில் மேல்புறம் எது என்பதைச் சக்கரம் சொல்லாது, நிறமே சொல்லும். இதனை நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லிவைப்போம்.