உங்களுக்குத் தெரியுமா? கோட்டக்குப்பம் தாண்டினால் ஃபாரின்!

கப்பல் வேண்டாம், விமானம் வேண்டாம். கோட்டக்குப்பத்துக்காரர் ஒரு காலத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே வெளிநாடு போய் வந்தார்! இந்தப் பக்கம் இங்கிலாந்து ராஜாவின் ஆட்சி. நாலு தப்படி தள்ளி பாண்டிச்சேரியின் முத்தியால்பேட்டை... அது பிரான்ஸ்!

அங்கே பிரிட்டிஷ் போலீசின் வாரண்ட் செல்லாது. 1908-ல் பாண்டிக்குப் போன பாரதியை அவர்களால் பத்து வருஷம் தொட முடியவில்லை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டினார். கடலூர் பக்கத்திலேயே அமுக்கிவிட்டார்கள்!

நோட்டும் வேறு! பேர் என்னவோ ரூபாய்தான். அச்சடித்துக் கொடுத்தது இந்தோசீனா வங்கி. அதே வங்கிதான் சைகோனுக்கும் நோட்டு அடித்தது!

பாண்டி இந்தியாவோடு சேர்ந்தது எப்போது? 1954 நவம்பர் 1 என்பீர்கள். கீழூர் வாக்கெடுப்பில் 178 பேரில் 170 பேர் சரி என்றார்களே! ஆனால் சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. நடுவே ஏழேமுக்கால் வருஷம், ஏட்டில் அது பிரான்ஸ் மண்!

சரி, இன்றைக்குப் போகிறவருக்கு? போலீஸ்காரர் தலையைப் பாருங்கள். சிவப்புக் 'கெப்பி' தொப்பி தெரிந்தால் பாண்டிக்குள் வந்துவிட்டீர்கள்!

திரும்பும்போது பையைப் பாருங்கள். அங்கே காசு கொடுத்து வாங்கிய பாட்டில், பர்மிட் இல்லாமல் கோட்டக்குப்பத்துக்குள் வந்தால் கேஸ்! பில்லை நீட்டிப் பயனில்லை. (எத்தனை பேர் நீட்டிப் பார்த்திருப்பார்கள்!)

கோட்டக்குப்பம் இருப்பது தமிழ்நாடு. போன் கோடு மட்டும் பாண்டியின் 0413!

இதைக் கேளுங்கள். பாண்டியிலிருந்து பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு ஈ.சி.ஆரில் பஸ் ஏறினால் முதலில் தமிழ்நாடு வரும். கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் எல்லாம் கடந்து காலாப்பட்டில் மறுபடி பாண்டி! சொந்த ஊர் காலேஜுக்குப் போக இரண்டு மாநில எல்லை!

பாரிஸில் இருக்கும் மாமாவுக்கு போன் போடப் போகிறீர்களா? குளிர்காலத்தில் அவர் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு விடிந்தால் மூன்றரைதான்! கடிகாரத்தையே திருப்பி வைக்கிற ஊர் அது!

பிரான்ஸ் அதிபர் தேர்தலா? பாண்டியிலேயே ஓட்டுப் பெட்டி உண்டு! பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழர்கள் வேட்டியில் வந்து வரிசையில் நிற்கலாம்!

வெளிநாடு அந்தப் பக்கம்தான் என்று நினைத்தீர்களா? கோட்டக்குப்பத்துக்குப் பக்கத்திலேயே, தமிழ்நாட்டுப் பக்கம், ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று அங்கே ஒரு பளிங்குத் தாழியில் பிடிப்பிடியாக மண்ணைப் போட்டார்கள். எத்தனை நாட்டு மண்? 124!