ஒரே உலாவிக்கு எழுதிய செய்தித் தளங்கள்

சுவீடனின் அஃப்டன்பிளாடெட் நாளிதழ் 1994-லேயே இணையத்துக்கு வந்துவிட்டது. பின்னர் மூண்ட உலாவிப் போட்டியில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வென்றது. 2001-இல் வெளியான அதன் 6-ஆம் பதிப்பில் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்ததென்று இருந்த வடிவமைப்பாளர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, சுவீடனும் விலக்கல்ல.

பக்கத்தைக் கேட்கும்போதே உலாவி தன் பெயரையும் சொல்லி அனுப்பும். பெயர் பிடிக்காவிட்டால் சில தளங்கள் வாசகரைத் திருப்பி அனுப்பின. அதனால் நார்வேயின் ஆப்பரா உலாவி, தன்னை எக்ஸ்ப்ளோரர் என்று பொய் சொல்லும் வசதியையே வைத்திருந்தது. செய்தி பெரும்பாலும் வெறும் எழுத்து. அதைக் காட்ட இத்தனை கெடுபிடி எதற்கு? மெனுவும் வீடியோவும் ஃபிளாஷ் என்ற துணை மென்பொருளை நம்பிய இடங்களில், அது இல்லாதவர்களுக்கு வெற்றுக் கட்டமே தெரிந்தது. 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி வந்து பரவிய பிறகே, எல்லா உலாவிகளுக்குமான பொதுத் தரநெறிகளுக்கு மதிப்புக் கூடியது.