முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போன் ஆம்ப்ளிபயர் வாங்கும் முன்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை இணைத்துப் பாட்டு கேட்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிக்க ஆரம்பித்ததும் ஹெட்போனுக்கு மாறுவார்கள். கொஞ்ச நாளில் காது பழகிவிடும். நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கத் தோன்றும். அதை வாங்கப் போகும்போதுதான் கடைக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போடுவார். "சார், இதைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் வீண். தனியாக ஆம்ப்ளிபயர் இருந்தால்தான் இதன் முழு ஒலியும் வரும்" என்பார். கண்ணாடி அலமாரிக்குள் பளபளப்பான அலுமினியப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். விலை முப்பதாயிரம், ஐம்பதாயிரம். ஒரு லட்சத்தைத் தாண்டியவையும் உண்டு.

அவர் சொல்வது சில ஹெட்போன்களுக்கு உண்மை. பலவற்றுக்கு உண்மை இல்லை. உங்கள் ஹெட்போன் எந்த ரகம் என்பதை ஒரு கால்குலேட்டரை வைத்துக் கொண்டு ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒன்றைத் தெரிந்து கொள்ளுங்கள். ஹெட்போன் சாக்கெட் உள்ள எல்லா கம்ப்யூட்டர்களிலும் ஒரு சிறிய ஆம்ப்ளிபயர் ஏற்கனவே உள்ளது. தனி ஆம்ப்ளிபயர் செய்வதும் அதே வேலைதான். உள்ளே வரும் சிறிய மின்னழுத்தத்தைப் பெரிதாக்கி, தேவையான மின்னோட்டத்துடன் ஹெட்போனுக்குக் கொடுக்கிறது. பாட்டுக்கு இனிமை சேர்ப்பது அதன் வேலை இல்லை. நல்ல தபால்காரர் கடிதத்தைப் பிரித்துத் திருத்தி எழுத மாட்டார் அல்லவா? அது போலத்தான்.

எவ்வளவு தேவை?

ஹெட்போன் பெட்டியில் இரண்டு எண்கள் அச்சாகி இருக்கும். ஒன்று இம்பிடென்ஸ். இது ஓம் கணக்கில் இருக்கும். மற்றது சென்சிடிவிட்டி, அதாவது எவ்வளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு டெசிபல் சத்தம் வரும் என்பது. இந்த இரண்டும் போதும்.

சென்ஹைசர் நிறுவனம் 2003-ல் வெளியிட்ட எச்டி 650 ஹெட்போனை எடுத்துக் கொள்வோம். "இதற்கு ஆம்ப்ளிபயர் கட்டாயம் வேண்டும்" என்று எல்லோரும் சொல்லும் ஹெட்போன் இது. இதன் இம்பிடென்ஸ் 300 ஓம். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் சத்தம் வரும். நாம் வழக்கமாகக் கேட்பது 75, 80 டெசிபல் அளவில்தான். மத்தளம் ஓங்கி அடிக்கும் கணங்களில் அதற்கு மேல் 20 டெசிபல் எகிறலாம். தாராளமாக இருக்கட்டும் என்று உச்சத்தை 110 டெசிபல் என வைத்துக் கொள்வோம். 103-லிருந்து 110-க்குப் போக 7 டெசிபல் தேவை. 7 டெசிபல் என்றால் மின்னழுத்தம் 2.24 மடங்கு ஆக வேண்டும். அதாவது 2.24 வோல்ட். இதை இதால் பெருக்கி 300-ஆல் வகுத்தால் சுமார் 17 மில்லிவாட் வரும். ஒரு வாட்டில் அறுபதில் ஒரு பங்கு!

ஆப்பிள் நிறுவனம் யுஎஸ்பி-சி சாக்கெட்டில் செருகுவதற்கு ஒரு சிறிய ஹெட்போன் அடாப்டர் விற்கிறது. அமெரிக்காவில் அதன் விலை 9 டாலர். அங்கே விற்கும் அடாப்டர் சுமார் 1 வோல்ட் கொடுக்கும். எச்டி 650-ல் அது 103 டெசிபல். பலருக்கு இதுவே போதும். மெதுவாகப் பதிவான சாஸ்திரீய இசையைச் சத்தமாகக் கேட்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் குறையலாம்.

இப்போது எதிர்ப்பக்கம் ஒன்றைப் பாருங்கள். ஹைபிமேன் நிறுவனத்தின் எச்இ-6 என்ற பிளேனர் வகை ஹெட்போன் 50 ஓம்தான். "ஓம் குறைவு, சுலபமாக ஓடும்" என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இதன் சென்சிடிவிட்டி 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே. 110 டெசிபலைத் தொட சுமார் 450 மில்லிவாட் வேண்டும். எச்டி 650-ஐப் போல 26 மடங்கு! மின்னழுத்தம் 4.7 வோல்ட், மின்னோட்டம் 95 மில்லி ஆம்பியர். இதைக் கம்ப்யூட்டர் சாக்கெட்டில் செருகினால் சத்தம் சோகையாகத்தான் இருக்கும். கடைக்காரர் சொல்வது இங்கே முழுக்க உண்மை.

ஆகவே "ஓம் அதிகம் என்றால் பெரிய ஆம்ப்ளிபயர்" என்பது பாதி உண்மைதான். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதில் ஒரு கண்ணி உள்ளது. சில நிறுவனங்கள் சென்சிடிவிட்டியை 1 மில்லிவாட்டுக்குச் சொல்லும். சில 1 வோல்ட்டுக்குச் சொல்லும். 32 ஓம் ஹெட்போனில் 1 வோல்ட் என்பது 31 மில்லிவாட். எனவே ஒரே ஹெட்போனை 105 டெசிபல் என்றும் எழுதலாம், 120 டெசிபல் என்றும் எழுதலாம். இரண்டுமே பொய் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அளவு போட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடாதீர்கள்.

கூடுதல் வாட் காதுக்கு ஆபத்து

"வாட் அதிகம் இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று நினைக்க வேண்டாம். 1 மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் தரும் இயர்போனை 1 வாட் ஆம்ப்ளிபயரில் செருகி, தெரியாமல் வால்யூமை முழுதும் திருகிவிட்டால் கணக்குப்படி 135 டெசிபல். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் வகுத்துள்ள அளவின்படி 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். இப்படிக் கெட்டுப் போன காதைச் சரி செய்ய எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடைக்காது.

இதனால்தான் நல்ல ஆம்ப்ளிபயர்களில் கெயின் சுவிட்ச் வைக்கிறார்கள். இயர்போன் கேட்கும்போது லோ, கடினமான ஹெட்போனுக்கு ஹை. இந்தச் சுவிட்ச் இல்லாத விலை உயர்ந்த பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அவுட்புட் இம்பிடென்ஸ்

விளம்பரங்களில் பெரும்பாலும் காணாமல் போகும் எண் இதுதான். ஆனால் காதில் நிஜமாகவே வித்தியாசம் காட்டும் எண்ணும் இதுதான்.

ஹெட்போனின் இம்பிடென்ஸ் எல்லா ஸ்வரங்களுக்கும் ஒரே அளவில் இருக்காது. 32 ஓம் என்று எழுதியிருக்கும் ஒரு ஹெட்போன், கீழ் ஸ்வரங்களில் ஓர் இடத்தில் 64 ஓம் ஆக மாறுகிறது என்று வைத்துக் கொள்வோம். ஆம்ப்ளிபயரின் அவுட்புட் இம்பிடென்ஸ் 1 ஓம் என்றால் இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவு மின்னழுத்தம் ஹெட்போனுக்குப் போகும். வித்தியாசம் 0.13 டெசிபல்தான், யார் காதுக்கும் தெரியாது. அதே இடத்தில் 32 ஓம் அவுட்புட் இம்பிடென்ஸ் உள்ள பெட்டியை வைத்தால் 2.5 டெசிபல் வித்தியாசம் வரும். பேஸ் தூக்கலாகக் கேட்கும். "ஆஹா, என்ன கம்பீரம்" என்று சிலர் மயங்கிவிடுவார்கள். அது ஹெட்போனைச் செய்தவர் நினைத்த ஒலி அல்ல. அந்தத் தூக்கல்தான் வேண்டும் என்றால் கம்ப்யூட்டரிலேயே ஈக்வலைசர் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அவுட்புட் இம்பிடென்ஸ், ஹெட்போன் இம்பிடென்ஸில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். சில மதர்போர்டு சாக்கெட்டுகள் இந்தக் கணக்கில் தேறுவதில்லை. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு ஆம்ப்ளிபயர்களிலும் இந்த எண் அதிகமாகவே இருக்கும். 300 ஓம் ஹெட்போனுடன் அவை ஒத்துப்போகலாம். 32 ஓம் ஹெட்போனுடன் ஒத்துப்போகாது. வால்வின் ஆரஞ்சு வெளிச்சம் இரவில் பார்க்க அழகுதான். அந்த அழகுக்காக வாங்குபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இரைச்சல்: எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சிக்னல்-டு-நாய்ஸ் 120 டெசிபல் என்று ஒரு பெட்டியிலும் 110 டெசிபல் என்று இன்னொன்றிலும் போட்டிருக்கிறது. எதில் இரைச்சல் குறைவு? முதலாவது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் முதல் நிறுவனம் தன் ஆம்ப்ளிபயரின் உச்ச அளவான 10 வோல்ட்டில் கணக்கிட்டு, இரண்டாவது நிறுவனம் 1 வோல்ட்டில் கணக்கிட்டிருந்தால் விடை தலைகீழ். முதலாவதில் இரைச்சல் 10 மைக்ரோவோல்ட். இரண்டாவதில் 3 மைக்ரோவோல்ட்தான். சிறிய எண் போட்ட பெட்டிதான் அமைதியானது.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். உங்கள் இயர்போனையே கொண்டு போங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் காதில் வைத்துக் கேளுங்கள். "உஸ்" என்ற சத்தம் கேட்டால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம்.

உள்ளே என்ன இருக்க வேண்டும்?

2011-ல், தன் சொந்தப் பெயரை வெளியிடாத ஒரு பொறியாளர் ஓ2 என்ற ஹெட்போன் ஆம்ப்ளிபயரை வடிவமைத்து, அதன் சர்க்யூட்டையும் அளவீடுகளையும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். உதிரிபாகங்களுக்கு அப்போது ஆன செலவு 30 டாலர் அளவில்தான். விலை உயர்ந்த ஐசி எதுவும் இல்லை. என்ஜேஎம்4556 என்ற மலிவான ஐசியையே அவுட்புட்டில் பயன்படுத்தினார். அவுட்புட் இம்பிடென்ஸ் சுமார் அரை ஓம். அதிகபட்சம் சுமார் 7 வோல்ட். நாம் மேலே பார்த்த எச்டி 650-க்கு வேண்டியது 2.24 வோல்ட்தான்! நல்ல வடிவமைப்பு என்பது விலை உயர்ந்த பாகங்களை அடுக்குவது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஓ2-வில் எனக்குப் பிடித்தது வேறு ஒரு விஷயம். அது இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் ஓடும். ஒரு பேட்டரி மட்டும் தீர்ந்துவிட்டால் ஆம்ப்ளிபயரின் சமநிலை கெட்டு, நேர் மின்னோட்டம் ஹெட்போனுக்குள் பாயலாம். ஹெட்போனில் உள்ள கம்பிச் சுருள் தலைமுடியைப் போல மெல்லியது, வெந்துவிடும். எனவே ஒரு பேட்டரி இறங்கினாலும் இரண்டையும் துண்டித்துவிடும் சர்க்யூட்டை அதில் வைத்தார். முப்பதாயிரம் கொடுத்து வாங்கும் பெட்டியில் இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறதா என்று கேட்பது நியாயம்தானே? ஆன் செய்தவுடன் ஓரிரு விநாடி கழித்து உள்ளே "டிக்" என்று ரிலே சத்தம் கேட்டால் நல்ல அறிகுறி. ஆன் செய்ததும் காதில் "டப்" என்று அடித்தால் நல்ல அறிகுறி அல்ல.

வால்யூம் திருகையும் கவனியுங்கள். சாதாரண திருகைகளில் மிகக் குறைந்த வால்யூமில் ஒரு காதில் மட்டும் பாட்டு தூக்கலாகக் கேட்கும். ரிலேக்களை வைத்துப் படிப்படியாக வால்யூமை மாற்றும் அமைப்பில் இந்தக் குறை இல்லை. அதற்குச் செலவு அதிகம். இரவில் மெதுவாகக் கேட்பவர்களுக்கு அந்தச் செலவு பயனுள்ளதே.

மற்றபடி பணம் எங்கே போகிறது? தடித்த அலுமினியத்தைக் குடைந்து செய்த பெட்டி, பெரிய டிரான்ஸ்பார்மர், குறைந்த எண்ணிக்கையில் தயாரிப்பது, இறக்குமதி வரி, கடைக்காரர் லாபம். இதில் பெரும்பகுதி காதுக்கு வராது. நீண்ட நாள் உழைக்கும் கட்டுமானத்துக்கும் பழுது பார்க்கும் வசதிக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. "பேலன்ஸ்டு" சாக்கெட் இருக்கிறது என்பதற்காக மட்டும் கொடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கும். 17 மில்லிவாட் போதும் என்ற இடத்தில் அதற்கு வேலை இல்லை. எலக்ட்ரோஸ்டாடிக் வகை ஹெட்போன்கள் மட்டும் விதிவிலக்கு. ஸ்டாக்ஸ் ஹெட்போன்களுக்கு 580 வோல்ட் பயாஸ் தேவை; தனி ஆம்ப்ளிபயர் இல்லாமல் அவை பாடவே பாடாது. 2015-ல் சென்ஹைசர் அறிவித்த எச்இ 1 இந்த வகைதான். பளிங்குக் கல்லில் செய்த ஆம்ப்ளிபயர், எட்டு வால்வுகள், அறிவித்தபோது விலை சுமார் 50,000 யூரோ. பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

காதால் ஒப்பிடுவது எப்படி?

இரண்டு ஆம்ப்ளிபயர்களை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக உள்ளதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எல்லோருக்கும் இப்படித்தான். கடைகளில் விலை உயர்ந்த பெட்டி சற்று சத்தமாகவே ஒலிப்பது தற்செயலாகவும் இருக்கலாம். எனவே முதலில் சத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். ஏ.சி. 2 வோல்ட் ரேஞ்ச் உள்ள மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். ஏ.சி.-யில் 200 வோல்ட்டில் தொடங்கும் மிக மலிவான மீட்டர் இதற்கு உதவாது. கம்ப்யூட்டரில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட விடவும். ஒய் கேபிள் மூலம் ஹெட்போனையும் மீட்டரையும் சேர்த்து இணைக்கவும். மீட்டர் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுவிடாமல் பார்த்துக் கொள்ளவும். இரண்டு ஆம்ப்ளிபயர்களிலும் மீட்டர் காட்டும் எண் 1 சதவீத வித்தியாசத்துக்குள் வரும்படி வால்யூமைத் திருகி வைக்கவும்.

பிறகு நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் ஏதோ ஒன்றை இணைக்கட்டும். எது என்று நீங்கள் சொல்லுங்கள். இப்படி 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பலாம். வெறும் ஊகத்தில் அப்படி நடப்பதற்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். எட்டு, ஒன்பதுதான் சரி என்றால் விலை குறைந்ததை வாங்கிக் கொண்டு, மீதிப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். ஹெட்போனுக்கும் ஹெட்போனுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணைக் கட்டாமலே தெரியும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்தால், பிளக்கில் செருகும் முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 115 / 230 என்று ஒரு சிறிய சுவிட்ச் இருந்தால் அதை 230-க்கு மாற்றவும். 115 வோல்ட் மட்டுமே என்று அச்சிட்டிருந்தால் நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் செருக வேண்டாம்.