படம் வரைந்தால் பாடம் புரியுமா?

சிறு பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவர வேண்டும் என்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்குத் தமிழக அரசு வைத்த கெடு 2025. அது கடந்துவிட்டது. அதே நோக்குள்ள ஒன்றிய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டத்தின் கெடு 2026-27 கல்வியாண்டு. இதற்கிடையில் நெல்லைப் பக்கத்திலிருந்து வரும் கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: “பிள்ளை வாசிக்கவே திணறுது, பள்ளிக்கூடத்தில் பொம்மையும் படமுமா இருக்கே, இது படிப்பா?”

அரசு மொழியில் இத்திட்டங்களின் நோக்கம் ‘பொருள் புரிந்து வாசித்தல்’. நடைமுறையில் அது அரும்பு, மொட்டு, மலர் என்று செயலியில் ஏறும் ஒரு நிலை. பாடம் நடத்துகிறவரே அந்த நிலையையும் பதிவு செய்கிறார்; எனவே பிள்ளைக்குப் புரிந்ததா என்று அறிய வேறு வழியும் வேண்டும்.

வாசித்ததைப் படமாக வரைவது செய்யும் வேலைக்கு வருவோம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகத் தருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, பட்டவராயனாக வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதை தெரிந்திருக்கும். பிராமண இளைஞன் தோல்வேலை செய்யும் குடும்பத்துப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொள்ள, பெண்களின் தகப்பன் கேட்டபடி செருப்புத் தைக்கிறான். பிறகு மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். இந்தக் கதையை வாசிக்கக் கொடுத்து, “எதைத் தைத்தான்?” என்று கேட்டால், கதை புரியாத பிள்ளையும் வரியைத் தேடிப் பிடித்து ‘செருப்பு’ என்று எழுதிவிடும். புத்தகத்தை மூடிவிட்டு, “தகப்பன் சம்மதிக்கிற இடத்தை வரை” என்றால் அந்தத் தந்திரம் பலிக்காது. யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், முத்துப்பட்டன் கையில் என்ன, அந்தப் பெண்களின் முகம் எப்படி – வரிகள் சொல்லாமல் விட்டதையெல்லாம் பிள்ளையே முடிவு செய்தாக வேண்டும். எங்கே புரியவில்லை என்பது தாளில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும்.

இது பாதிதான். மீதிப் பாதி, “ஏன் இப்படிப் போட்டே?” என்று ஆசிரியர் கேட்பது. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போட்டு, கூட்டத்துக்கு வரும் சந்தேகத்தைத் தானே கேட்டுக் கதையை நகர்த்துவாரே, அந்த வேலை. அந்தக் கேள்வி விழாத வகுப்பில் படம் நேராகச் சுவருக்குப் போகிறது. அதிகாரி பார்வையிட வரும் நாளில் எடுப்பாக இருக்கும். என் சந்தேகமெல்லாம் இங்கேதான். பாடநூலில் அச்சான படத்தைப் பார்த்து வரைய வைப்பதும் வாசிப்போடு சேராது.

ஆய்வு இருக்கிறதே என்பவர்கள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைக் காட்டுவார்கள். சொற்களை எழுதிப் பார்ப்பதைவிட வரைந்து பார்த்தால் கூடுதலாக நினைவில் நிற்கிறது என்று 2016இல் அங்கே கண்டார்கள். சோதனைக்கு உட்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள்; அளந்தது நினைவாற்றலை. மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் புரிதலுக்கு அதைச் சான்றாக்குவது அவசரம்.

இனி மற்ற கேள்விகள்.

எழுத்தே தெரியாத பிள்ளைக்கு? முதலில் எழுத்துதான்.

படம் அழகாக வர வேண்டுமா? குச்சி மனிதர் போதும்.

வண்ணப்பெட்டி? பென்சில் போதும்.

பெற்றோர் வரைந்து கொடுக்கலாமா? கூடாது.

பள்ளியில் எதைக் கேட்பது? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், படம் வரைந்த பிறகு பிள்ளைகளைப் பேசவைக்க எத்தனை நிமிடம் ஒதுக்குகிறார்கள் என்று கேளுங்கள்.