ஓடைக் குடம்பிகளை இனங்காணல்: கூடும் உடலும்

மலையகத்து ஓடையொன்றிற் கல்லைப் புரட்டிப் பார்ப்போர் அதன் அடியில் மணற்றுகள்களாலான சிறு குழாய்கள் ஒட்டியிருக்கக் காண்பர். அவற்றுள் வாழ்வன திரிக்கோப்தெரா வருணத்துப் பூச்சிகளின் குடம்பிகள். கிரேக்கத்தில் அப்பெயர் மயிர்ச்சிறகு எனப் பொருள்படும். நிறைவுடலிகள் அந்துப்பூச்சியை ஒத்தவை, சிறகிற் செதில்களுக்குப் பதிலாக மயிர் உடையவை.

கூட்டைக் கொண்டே குடம்பியை இனங்காண முற்படுவது பெருவழக்கான தவறு. நத்தையோடு போற் சுருண்ட மணற்கூடொன்றை 1834 இல் அமெரிக்கரான ஐசாக் லீ புதிய நத்தையினமாகவே விவரித்தார். அது ஹெலிக்கோசைக்கே சாதிக் குடம்பியின் கூடு. அச்சாதி இலங்கையிலும் உண்டு. வெறுங்கூட்டில் வேற்றுயிர் குடிபுகுதலும் உண்டு. கூடே சுமவாத குடம்பிகளும் பல.

ஆகவே நாம் உடலையே நோக்கவேண்டும். வயிற்றின் நுனியிற் கொளுக்கி பொருந்திய இரு போலிக்கால்களும், கண்ணுக்குப் புலப்படாத அளவு குறுகிய உணர்கொம்புகளும் இவ்வருணத்தைக் காட்டும். அடுத்து நெஞ்சின் மூன்று துண்டங்களையும் மேற்புறமிருந்து பார்த்தல் வேண்டும். மூன்றும் வன்தகடு போர்த்திருந்து, வயிற்றின் அடியிற் கிளைத்த பூக்களும் இருப்பின், அது வலைபின்னும் ஹைட்ரொப்சைக்கிடே குடும்பம். முதற்றுண்டம் மட்டுமே தகடுடையதாய், மேலுதடு மென்மையாய் முன்விளிம்பில் அகன்றிருப்பின் பிலொப்பொட்டாமிடே. இவற்றுக்குக் கைவில்லையே போதும்.

குடும்பத்துக்கு அப்பால் நாம் தடுமாறுகிறோம். பெர்னாண்ட் ஷ்மிட் 1958 இல் இலங்கையின் இவ்வருணத்தைப் பற்றி விரிந்த நூலொன்றை வெளியிட்டார். ஆனால் இனப்பெயர்கள் பெரும்பாலும் ஆண் நிறைவுடலியின் இனப்பெருக்க உறுப்புகளை வைத்தே சூட்டப்படுவன. குடம்பிக்கு அவ்வுறுப்புகள் இல்லை. பெயர் ஓரிடத்தும் உயிர் ஓரிடத்துமாக நிற்கின்றன.

இது வெறும் பெயர்ச்சிக்கலன்று. நீரின் தூய்மையை மதிப்பிடப் பிரித்தானியாவில் 1970களில் உருவான புள்ளிமுறை, குடும்பத்துக்கு ஒரு புள்ளியே வழங்குகிறது: லெப்டோசெரிடேக்கு 10, ஹைட்ரொப்சைக்கிடேக்கு 5. ஒரே குடும்பத்தினுள் மாசைப் பொறுக்கும் இனமும் பொறுக்காத இனமும் உள்ளன என்பதை அது கணக்கிலெடுப்பதில்லை. அந்நாட்டு ஆறுகளுக்கு இடப்பட்ட புள்ளிகளைத் தேயிலைத்தோட்ட ஓடைக்கு அப்படியே பொருத்தி, "நீர் நன்று" என அறிக்கை எழுதுவது எளிது. அந்நீரை அள்ளிக் குடிப்போர் லயன் அறைகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்கள். தவிர, உயிரகத்தைக் குறைக்கும் சேதனக் கழிவையே அப்புள்ளிகள் முதன்மையாக அளக்கின்றன. நோய்க்கிருமியையோ நாசினியையோ அல்ல.

குடம்பியையும் பெயரையும் இணைக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. முற்றிய கூட்டுப்புழுவுள்ள கூடுகளைச் சேகரித்து மதுசாரத்தில் இட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ்த் திறந்தால், உள்ளே குடம்பி கழற்றிய தலையோடும் நெஞ்சுத் தகடுகளும் கிடக்கும். கூட்டுப்புழுவின் தோலினூடே ஆணுறுப்பும் புலப்படும். ஒரே கூட்டில் இரு பருவங்களின் சான்றும் கிடைக்கின்றது. சில குடும்பங்களிற் குடம்பித் தோல் வெளியே தள்ளப்பட்டுவிடும்; அங்கே குளிர்ந்து ஓடும் நீரிற் குடம்பியை வளர்த்து, சிறகு முளைக்கும்வரை காத்திருக்கவேண்டியதே.